மூடிக்குள் வெட்டிய பேர்

பாறசாலையில் இருந்துகொண்டு சுகுமாரியின் புட்டுக்குற்றியைக் குறை சொல்லிவிட்டு ஒருத்தர் நிம்மதியாக நடமாட முடியுமா? முடியாது. கீழே தண்ணீர் கொதிக்கிற குடம், மேலே மாவு வேகிற குழல், அதற்கு ஒரு மூடி. பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் சுகுமாரி வாயால் கேட்க வேண்டும். அந்தக் குடத்தின் கழுத்து வளைவு வேறு யாருக்கும் வராது, அந்தக் குழலில் வெந்த புட்டு உடையாமல் முழுசாக இறங்கும், அந்த எஃகு எத்தனை வருஷம் தேய்த்தாலும் முகம் காட்டும். குடத்தைக் கவிழ்த்தால் அடியில் ‘சுகுமாரி, பாறசாலை’ என்று முத்திரை இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சமையல் பந்தலுக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. தன் பேர் இருந்தால் விருந்து பிரமாதம் என்பாள். இல்லாவிட்டால் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடிப்போயிருக்கும்.

இப்படிப்பட்டவளிடம் போய் உன் பேரை எடுத்துவிடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னார்களே! சொன்னது மட்டுமல்ல, அவளும் சரி என்று தலையாட்டினாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, இஞ்சிவிளைக்குப் போகிற சாலையில் இருந்து பிரியும் சந்தில் இருந்தது அவளுடைய பட்டறை. கணவன் காலமான பிறகு ஒரே ஒரு லேத்தை வைத்துத் தானே நின்று தகடு வளைத்துத் தொடங்கியது. இப்போது பிரஸ் இருந்தது, நாலு லேத் இருந்தது, பாலிஷ் மெஷின் இருந்தது, வேலைக்குப் பெண்கள் இருந்தார்கள். சுகுமாரி மெஷினைத் தொட்டு வருஷங்களாகிவிட்டன. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதே ஒரு முழுநாள் வேலை அல்லவா? செய்கிற சரக்கில் பாதிக்குமேல் அமெரிக்காவுக்குப் போனது. நியூஜெர்சியில் இருந்த ரமணன் அதை வாங்கி அங்கே மலையாளிகளும் தமிழர்களும் நடத்துகிற கடைகளுக்குக் கொடுத்தான். ஓணத்துக்கு முன்னால் ஒரு பெரிய லோடு போகும். அந்த லோடு போனால்தான் பட்டறையில் வருஷம் முழுக்க அடுப்பெரியும்.

அந்த வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அமெரிக்கா ஒரு போடு போட்டது. தன் நாட்டு உருக்காலைகளைக் காப்பாற்ற வேண்டுமாம். அதற்காக வெளிநாட்டு எஃகுக்கும் எஃகுச் சாமானுக்கும் போட்டிருந்த இறக்குமதி வரியை ஒரே அடியாக இரட்டிப்பாக்கி நூற்றுக்கு ஐம்பது என்றது. பெரிய ஆலைக்காரர்கள் நாட்டுக்கு நாடு மல்லுக்கட்டட்டும், அதில் பாறசாலைப் புட்டுக்குற்றிக்கு என்ன வேலை? அமெரிக்க ஆலை எதுவும் புட்டுக்குற்றி செய்து அதைச் சுகுமாரி கெடுத்துவிட்டாளா? ஆனால் சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. எஃகு என்றால் எஃகு. ரமணன் ஆர்டரை நிறுத்திவைத்தான்.

பட்டறையில் முத்திரை குத்துவது மட்டும் பாக்கியாக முக்கால்வாசிச் சரக்கு அடுக்கிக் கிடந்தது. சுகுமாரி புதுத் தகடு வாங்குவதை அன்றே நிறுத்தினாள். மகன் அஜேஷிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள், பெண்களிடம் மூச்சுவிடவில்லை. முதலாளியம்மா பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தால் மானம் போகாதா?

ஒரு வாரம் போயிருக்கும். ரமணனுடைய அப்பா சிவானந்தம் குடையை மடக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தலைமுறை தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த சைவப் பிள்ளைமார் வீடு. அவரும் களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டில் வரி வாங்கியே காலம் கழித்து ஓய்வுபெற்றவர். இப்போதும் அவர் பார்க்கிற பார்வையில் லாரிக்காரர்களுக்குக் கை தானாகச் சீட்டை எடுக்கும்.

“சுகுமாரி, பையன் ஒரு வழி சொல்லுதான். நீயே கேளு,” என்று போனை மேஜைமேல் வைத்தார்.

போனிலிருந்து ரமணன் பேசினான். “அக்கா, உள்ளதச் சொல்லுதேன். பாதிக்குப் பாதி வரி கெட்டிக் கொண்டு வந்தா இஞ்ச ஒருத்தனும் வாங்கமாட்டான். பின்ன ஒரு வழி உண்டு. லண்டன் பக்கத்துல எனக்க கூட்டுக்காரன் சிஜுவுக்கு ஒரு கோடவுன் கெடக்கு. சாமான் அங்க எறங்கட்டு. அவன் அடியில ‘மேட் இன் இங்கிலாண்ட்’ண்ணு ஒரு குத்து குத்தி இஞ்ச அனுப்புவான். இங்கிலாந்துச் சாமானுக்கு மட்டும் வரிய ஏத்தல, பழைய இருபத்தஞ்சுதான்.”

“அப்போ எனக்க முத்திரை?”

“அது பற்றாது அக்கா. அடி வெறுமையா இருக்கணும்.”

சுகுமாரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “எலே ரமணா, வெள்ளைக்காரன் புட்டு தின்னுதானா? புட்டுண்ணா என்னண்ணு அவனுக்குத் தெரியுமா? நான் வளைச்ச கொடத்துக்கு அவன் தகப்பனா?”

அஜேஷ் குறுக்கே விழுந்தான். “அம்மா, அங்க கஸ்டம்ஸ்காரன் அதப் பூச்சாடிண்ணு நெனச்சு விட்டிருவான். வேற வழி என்ன உண்டு?”

“நீ வாய மூடுலே.”

சிவானந்தம் சிரித்தார். “என்ன சுகுமாரி, புதுசா கேக்குத மாதிரி நிக்கிய? ஒனக்க அப்பா செல்லசாமி எனக்க மூக்குக்கு முன்னால எத்தன சொமடு எவர்சில்வர் கடத்தினாரு? நான் ரோட்டுல காவல், அவரு ஊடுவழியில நடை. ஒருநாளாவது கையும் களவுமா பிடிச்சிருக்கேனா?”

அங்கேதான் சுகுமாரி விழுந்தாள். செல்லசாமி நாகர்கோவிலில் பாத்திரம் எடுத்து, எல்லையில் வரி கட்டாமல் இஞ்சிவிளைச் சந்துகள் வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றவர். அந்தக் கதையை அவளே ஆயிரம் தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு வரி என்றால் ரோட்டில் கிடக்கிற ஒரு தடிக்கம்பு. நேரே போனால் கட்ட வேண்டும், பக்கத்துச் சந்தில் போனால் வேண்டாம். அமெரிக்கா என்ன, இங்கிலாந்து என்ன, களியக்காவிளையை விடவா பெரிசு? அவள் மனசில் லண்டன் ஒரு பெரிய இஞ்சிவிளைச் சந்தாக விரிந்தது.

“செரி. போகட்டு,” என்றாள். வாய்தான் சொன்னது. மனசு சம்மதிக்கவில்லை.

மறுநாள் காலையில் முத்திரை அச்சைப் பிரஸ்ஸில் இருந்து கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “இந்த லோடுக்கு முத்திரை குத்தாண்டாம்,” என்று பெண்களிடம் சொன்னாள்.

பாலிஷ் மெஷினில் நின்ற விலாசினி திரும்பிப் பார்த்தாள். பட்டறையின் முதல் லேத் வந்த நாளிலிருந்து அங்கே இருப்பவள் அவள். “ஏங்க்கா?”

“வேண்டாமுண்ணா வேண்டாம். கேள்வி என்னத்துக்கு?”

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற சுகுமாரி அன்றைக்கு இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். வெட்கமாக்கும். வெள்ளைக்காரன் பேரில் நம் சரக்கை விற்கப் போகிறோம் என்று இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி கட்டினார்கள். லாரி கொச்சிக்குப் போனது, கப்பல் சீமைக்குப் போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் எந்த வீட்டிலும் கிடையாது. கல்யாணமோ சாவோ, அக்கம்பக்கத்தில் இருந்து அண்டாவும் உருளியும் வாங்கித்தான் காரியம் நடக்கும். காரியம் முடிந்ததும் பேரைப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். பேர் இல்லாத பாத்திரம் போனால் போனதுதான். அதனால் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே மின்சாரப் பேனாவால் கிர்ர் என்று பேர் வெட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். உள்ளூரில் வாங்க வருகிறவர்களுக்காகச் சுகுமாரியின் பட்டறையிலும் அப்படி ஒரு பேனா உண்டு. பேர் இல்லாமல் ஒரு பாத்திரத்தை வாசல் தாண்ட விடுவது, அங்கே உள்ள பெண்களுக்குப் பிள்ளையை உடுப்பில்லாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி.

ஓணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சுகுமாரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். லண்டனில் இருந்து சிஜு வீடியோவில் வந்தான். ஆள் நெய்யாற்றின்கரைக்காரன்தான். கடுப்பில் இருந்தான்.

“சேச்சி, இது என்ன பணியாக்கும் எனக்குத் தந்தது?”

“என்னத்தலே தந்தேன்?”

“அடி வெறுமையாத்தான் இருக்கு. நானும் சந்தோஷமா குத்தத் தொடங்கினேன். மூடியத் தெறந்தா உள்ள எல்லாத்துலயும் பேரு! இன்னா பாருங்க. விலாசினி, பாறசாலை. இன்னா, ஸ்வப்னா, திருப்புறம். இது ஜோஸ்னா, பொழியூர். தமிழ்ல பாதி, மலையாளத்துல பாதி! இங்கிலாந்துல திருப்புறம் எங்க இருக்குண்ணு கஸ்டம்ஸ்காரன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

சுகுமாரி போனைக் கையில் பிடித்தபடி பட்டறைக்குள் பாய்ந்தாள். பின்னாலேயே அஜேஷும் ஓடினான். “மெஷினை நிறுத்துங்கடி!” என்று அவள் போட்ட சத்தத்தில் லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. “மூடிக்குள்ள பேரு வெட்டினது எவளாக்கும்?”

விலாசினி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மொதல்ல நானாக்கும் வெட்டினேன். பெறவு எல்லாரும் வெட்டினாவ.”

“வேண்டாமுண்ணு நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்னிய. அதனாலதான் வெட்டினோம்.” விலாசினி கண்ணை இறக்கவில்லை. “அக்கா, வேற யாரு சொல்லியிருந்தாலும் செரிண்ணு இருந்திருப்போம். பேரு வேண்டாமுண்ணு நீங்க சொன்னிய. சாவு வீட்டுல போயும் பாத்திரத்தக் கவுத்துப் பாக்குத ஆளு நீங்க. புதுசா ஒரு ஷீட்டு வாங்கல. சிவானந்தம் பிள்ளைவாள் தெனமும் வந்து போனாரு. அஜேஷு மெஷினை எல்லாம் போட்டோ எடுத்தான். கம்பெனிய விக்கப்போறியண்ணு நெனச்சோம்.”

“போட்டோ பேங்கு லோனுக்காக்கும்!” என்று அஜேஷ் இடையில் சொன்னான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

“கடைசி லோடுண்ணு நெனச்சோம் அக்கா,” என்றாள் விலாசினி. “இத்தன வருஷம் செஞ்சோம். கடைசியாப் போறதப் பேரில்லாத எப்படி அனுப்ப? ஒங்க பேரு ஒங்களுக்கு வேண்டாமெங்கில் எங்க பேராவது போகட்டுண்ணு வெட்டினோம். அடியில வெட்டினா நீங்க பாத்துருவிய. அதான் மூடிக்குள்ள.”

திட்டுவதற்கு ஓங்கிய கையைச் சுகுமாரி இறக்கினாள். இருபது வருஷமாகத் தன் பேர் கடல் தாண்டிப் போகிறது என்று குளிர்ந்துகொண்டிருந்தாளே, அந்தக் கழுத்து வளைவை வளைத்த கைகளுக்கும் ஒரு பேர் உண்டு என்று ஒருநாளாவது தோன்றியதா அவளுக்கு? தோன்றவில்லை.

போனில் சிஜு பொறுமை இழந்தான். “சேச்சி, பஞ்சாயத்துப் பெறவு நடக்கட்டு. கிரைண்டர் இருக்கு. மூடி எல்லாத்தையும் தேய்ச்சுரலாம், பெரிய வேல ஒண்ணுமில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போரும். இன்னா பாருங்க, ஒண்ணு தேய்ச்சுக் காட்டுதேன்.”

அவன் போனை எங்கேயோ சாய்த்து வைத்து ஒரு மூடியை எடுத்தான். கிரைண்டர் கத்தியது. பொறி பறந்தது. பெண்கள் சுகுமாரியின் தோளுக்குப் பின்னால் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள். மூடியின் நடுவில் ‘ஜோஸ்னா’ என்று கோணலாக வெட்டிய எழுத்தில் முதல் எழுத்து போனது. இரண்டாவதும் போனது.

“அது எனக்கதாக்கும்,” என்றாள் ஜோஸ்னா. மெதுவாகத்தான் சொன்னாள். பொழியூரில் அவள் வீட்டைக் கடல் எடுத்துப் போன அன்றுகூட மறுநாள் சரியாக வேலைக்கு வந்து நின்றவள். இப்போது அவள் உதடு கோணிக்கொண்டு போவதைச் சுகுமாரி பார்த்தாள்.

“நிறுத்துலே! கைய எடுலே!” சுகுமாரி போட்ட கூச்சலில் லண்டனில் கிரைண்டர் நின்றது. “எனக்க பேர நான் எடுத்தேன். அது எனக்க இஷ்டம், எனக்க கேடு. இவளுவளுக்க பேர எடுக்க நான் யாரு, நீ யாருலே? ஒரு மூடியத் தொடப்பிடாது. எல்லாத்தையும் அப்படியே பெட்டியில போடு. நீ குத்தின இங்கிலாந்த மொதல்ல தேய்ச்சு எடு.”

“அப்போ வரி?”

“வரிய நான் பாத்துக்கிடுதேன். நீ போன வை.”

அவள் அடுத்த நிமிஷமே ரமணனைக் கூப்பிட்டாள். அங்கே இன்னும் விடியவில்லை. அவன் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, விஷயத்தைக் கேட்டதும் முழுசாக விழித்துக்கொண்டான்.

“அக்கா, ஒங்களுக்கு வட்டா, கிறுக்கா? ஐம்பது வரி யாருக்க தலையில?”

“பாதி எனக்க தலையில, பாதி ஒனக்க தலையில. இந்த லோடுல எனக்கு லாபம் ஒண்ணும் வேண்டாம். இந்தியச் சாமான்ணு சொல்லி முன்வாசல் வழியா கொண்டுபோ. எங்க செஞ்சதுண்ணு எவன் கேட்டாலும் பாறசாலைண்ணு சொல்லு. சத்தமா சொல்லு.”

“விக்காதெங்கில்?”

“விக்காதெங்கில் எல்லாத்தையும் நீயே வெச்சுப் புட்டு அவி. வயிறு நெறையட்டு.”

அஜேஷின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஓடிப்போய்ச் சிவானந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு அவராவது புத்தி சொல்வார் என்று நம்பியிருப்பான், பாவம். சிவானந்தம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வாங்கினார்.

“ரமணா, அவ சொல்லுதபடி செய்யி. முப்பது வருஷம் வரி வாங்கின கையாக்கும் எனக்க கை. இப்போ எனக்க மோன் வரிய ஏய்ச்சாண்ணு பேரு வேண்டாம்.”

“அப்போ லண்டன் வழி நல்ல வழிண்ணு இதே மேஜையில இருந்து சொன்னது யாராக்கும் சாரே?” என்று சுகுமாரி கேட்டாள். சிவானந்தம் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

அவர் போன பிறகு அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. செல்லசாமி சந்து வழியாகத்தான் வந்தார், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று “செல்லசாமி வந்திருக்கேன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுத்தான் சுமையை இறக்குவார். வரியை மறைத்த மனுஷன் தன் பேரை ஒருநாளும் மறைத்ததில்லை. அவர் நடந்த வழியில்தான் தானும் நடப்பதாக நினைத்துக்கொண்டு எங்கேயோ போய் நின்றிருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் டீ வந்ததும் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அமெரிக்கா வரி போட்டது, ஆர்டர் நின்றது, லண்டன் திட்டம், ஒன்றையும் விடவில்லை. “கம்பெனி விக்கல. ஆனா அடுத்த லோடு உண்டா இல்லியாண்ணு எனக்கே தெரியாது,” என்றாள். பட்டறையில் அவள் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதை யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. விலாசினி தன் பங்கு பழம்பொரியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

ஓணம் வந்தது, போனது. பேருக்குத்தான் ஓணம். அமெரிக்காவில் இருந்து சத்தமே இல்லை. சுகுமாரி கௌரவத்தைச் சுருட்டி வைத்துவிட்டு நெய்யாற்றின்கரைக்கும் திருப்புறத்துக்கும் அலைந்து ஓட்டல்களுக்கு இட்லித்தட்டு, கேண்டீனுக்கு டிபன் தட்டு என்று கிடைத்ததைப் பிடித்துவந்தாள். முன்பெல்லாம் அந்த வேலையைக் கேவலமாகப் பேசியவள் அவள்தான். ஆளுக்குப் பாதி நாள் வேலை கிடைத்தது. ஸ்வப்னா கொஞ்ச காலம் அண்ணனுடைய தையல் கடைக்குப் போனாள். “ஆர்டர் வந்தா ஒரு மிஸ்டு கால் அடிங்க அக்கா, பறந்து வருவேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அஜேஷ் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது, “நாலு பேருக்க பேருக்காக நம்ம கம்பெனிய மூடப்போறோம்,” என்றான். சுகுமாரிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜோஸ்னா கேக்கோடு வேலைக்கு வந்த அன்று ரமணன் கூப்பிட்டான். சுகுமாரி போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். இனி அந்தப் பட்டறையில் மறைத்துப் பேசுகிற வழக்கம் இல்லை.

“அக்கா, உள்ளதச் சொல்லுதேன்,” என்று தொடங்கினான். “வெலையக் கேட்டுப் பாதிப் பேரு திரும்பிப் போனாவ.”

கேக் வெட்டிக்கொண்டிருந்த ஜோஸ்னா கத்தியை நிறுத்தினாள்.

“மீதிப் பேரு வாங்கினாவ. எனக்க பாதி வரிய வெலையில சேத்து, எவ்வளவுண்ணு சீட்டுல தனியா எழுதி ஒட்டி வெச்சேன். பாத்துட்டுத் திட்டிக்கிட்டே வாங்கினாவ. வாங்கிட்டுப் போனவ சும்மா இருக்கல, அதாக்கும் விசேஷம். டாலஸ்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, மூடிக்குள்ள விலாசினிண்ணு இருக்கே, அது யாருண்ணு கேட்டா. நான் சொன்னேன். அவளுக்கு மகளுக்கும் மருமகளுக்கும் வேணுமாம். விலாசினி செஞ்சதே வேணுமாம், வேற வேண்டாமாம்.”

விலாசினி பாலிஷ் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

“பெறவு இஞ்ச பக்கத்துக் கடையில ஒருத்தி. மூடியத் தெறந்தா ‘பொழியூர்’ண்ணு இருக்கு. எனக்க ஊரு, எனக்க ஊருண்ணு கடைக்குள்ள நிண்ணு அழுது கரைஞ்சா அக்கா. பொறந்த வீட்டக் கடல் எடுத்துப் போச்சாம். அந்த ஜோஸ்னா யாரு வீட்டுப் பிள்ளைண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னா.”

ஜோஸ்னா கேக் வெட்டிய கத்தியோடு அப்படியே நின்றாள். மற்றவர்கள் அவளைப் பிடித்து உலுக்கினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஸ்வப்னாவுக்கு மிஸ்டு கால் போயிற்று.

“அதனால அடுத்த லோடு உண்டு. பழையதுல பாதிதான். வரி இருக்குத வரைக்கும் அதுக்குமேல என்னால முடியாது. ஆனா பேரு வேணும் அக்கா. மூடிக்குள்ள ஒளிச்சு வேண்டாம், வெளியவே கெடக்கட்டு. ஊருப் பேரும் வேணும்.”

கேட்கக் கூடாது என்று சுகுமாரி நினைத்தாள், கேட்டும்விட்டாள். “எலே ரமணா, எனக்க பேர யாராவது கேட்டாவளா?”

“ஒங்க பேரு அதுல இல்லல்லா அக்கா.”

அத்தனை மாதமாகச் சிரிக்காத அஜேஷ் வெடித்துச் சிரித்தான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். சுகுமாரிக்குப் பொறாமை வந்ததா என்றால் வந்தது, மறைப்பானேன்? ஆனால் அதற்கு மேலே வேறொன்றும் வந்தது. விலாசினியைப் பார்த்தாள், ஜோஸ்னாவைப் பார்த்தாள். அமெரிக்கச் சர்க்கார் போட்ட வரியைக் கட்டிவிட்டு அங்கே உள்ளவர்கள் இவர்கள் கைவேலையைத் தேடி வாங்குகிறார்கள். இவர்கள் யாருடைய பட்டறைப் பெண்கள்? அவளுக்கு நெஞ்சு விம்மியது. கண் கலங்கியதை மறைக்க, “கேக்கு எனக்கு இல்லியா?” என்று அதட்டினாள்.

மறுநாள் பெண்கள் வந்தபோது ஃபேனுக்குக் கீழே நாற்காலி காலியாகக் கிடந்தது. சுகுமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லேத்தின் முன்னால் நின்றாள்.

“அம்மா, என்ன செய்யுத?” என்று அஜேஷ் பதறினான். “பேருதானே வேணும்? அச்சு அலமாரியில இருக்குல்லா, எடுத்து எல்லாத்துலயும் குத்தினாப் போராதா?”

“இனி செய்தவளுக்க பேருதான் அதுல கெடக்கும். எனக்க பேரு வேணுமெங்கில் நான் செய்யணும். தள்ளி நில்லுலே.”

கை மறந்துபோயிருந்தது. முதல் தகடு கிழிந்தது. இரண்டாவது குடத்துக்குக் கழுத்து கோணியது. மூன்றாவதை முடித்துப் பாலிஷும் போட்டு இறக்கும்போது இடுப்பு விட்டுப்போய்விட்டது, கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. ஆனால் குடம் குடமாக நின்றது. சுகுமாரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேர் வெட்டுகிற பேனாவுக்காக விலாசினியிடம் கை நீட்டினாள்.

விலாசினி பேனாவைக் கொடுக்கவில்லை. குடத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். கழுத்து வளைவில் விரலை ஓட்டினாள். பிறகு திரும்ப அவள் கையிலேயே வைத்தாள்.

“இது போவாது அக்கா.”

“என்னடி கொறை?”

“கழுத்துல ஒரு நெளிவு உண்டு. விரல வெச்சாத் தெரியும்.” விலாசினி சிரிக்கவில்லை. “எனக்க பேருகூட ஒரே பெட்டியில போறதாக்கும். இத விடமுடியாது.”

பட்டறை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. சுகுமாரி விரலை வைத்துப் பார்த்தாள். நெளிவு இருந்தது. குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தகட்டை எடுத்து லேத்தில் மாட்டினாள்.